நாலந்தாவுக்கு இந்தப் பக்கம்

எங்கள் அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டில், நேரம் தப்பியதும் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். பிந்தி வருகிறவர்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். நான் கோட்டுக்குக் கீழே போட்ட கையெழுத்துகளில் முக்கால்வாசிக்கு ஒரே ஒரு மனிதர்தான் பொறுப்பு. அவர் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் கோபிக்கமாட்டார், ஆனால் கூச்சப்படுவார். மாத்தளைச் சந்தியில் நிற்கும் த்ரீவீலர்க்காரர்களிடம் 'பூச்சி நானா' என்று கேட்டால் போதும், சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்றுதான் கூப்பிடுவோம். இந்த நானா தினமும் காலையில் அலுவிகாரையில் என் வீட்டு கேட்டுக்கு வந்து, என்னை ஏற்றிக்கொண்டு டவுனில் இறக்கிவிடுவார். பத்து நிமிட ஓட்டம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் பிரேக் போட்டு நிறுத்த அவருக்கு எப்படியும் ஒரு செடி கிடைத்துவிடும்.

"என்னங்க நானா, மறுபடியும் நிப்பாட்டிட்டீங்களா? மணியப் பாத்தீங்களா?"

"ஒரு நிமிசம் மிஸ். செவ்வரத்தையில ஒண்டு ஈக்கி."

செம்பருத்திதான் எங்களுக்குச் செவ்வரத்தை; 'இருக்கு' என்பது நானா வாயில் 'ஈக்கி'. அந்த ஒரு நிமிடம் என்றைக்கும் ஒரு நிமிடமாக இருந்ததில்லை. தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, போனின் கண்ணில் ஒரு சின்ன லென்ஸை ரப்பர் பட்டியால் கட்டி, வடிகான் ஓரத்தில் குந்திவிடுவார். காற்றடித்தால் கைக்குட்டையை விரித்து மறைப்பார். பூச்சியை விரலால் தொடவே மாட்டார். ஒரு நாள் பொறுமை இழந்து, "அந்தக் கிளைய இப்படித் திருப்பிட்டா சட்டுனு எடுத்துடலாமே" என்றேன். "தொட்டா அதுட பயந்த முகம்தான் வரும் மிஸ். நமக்கு அதுட சொந்த முகம் வேணும்" என்றார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. பூச்சிக்கு ஏது முகம்!

ஆனால் அந்தப் பூச்சிக்கு உண்மையிலேயே முகம் இருந்தது. கேடயப்பூச்சி என்று ஒரு வகை. முதுகு கேடயம் போல இருக்கும், தொட்டால் நாறும். அதில் பலவிதம். மயில்பச்சையில் மின்னுவது உண்டு, கறுப்பில் சிவப்புப் புள்ளி போட்டதும் உண்டு. நானாவின் செல்லம் ஒரு செம்மஞ்சள் நிறக்காரன். போட்டோவைத் தலைகீழாகத் திருப்பினால் எண்ணெய் வைத்துப் படிய வாரிய கறுப்பு முடி, உருண்டையாக இரண்டு கறுப்புக் கண், நடுவில் நீளமாக ஒரு மூக்கு. எங்கள் தலைமை எழுத்தரை உரித்து வைத்ததுபோல இருக்கும். அதைச் சொன்னபோது நானா சிரிக்கவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அவர நான் ரெண்டு தரம்தான் கண்டீக்கிறன். செல்ல ஏலா" என்றார். சொல்ல முடியாதாம்.

அதுதான் நானா. கண்டதைச் சொல்வார். காணாததைக் கழுத்தில் கத்தி வைத்தாலும் சொல்லமாட்டார். மழை வருமா நானா என்றால், "கந்தப் பக்கம் கறுத்து ஈக்கி. மழை எண்டு எனக்குத் தெரியா" என்பார். மலையை எல்லோரும் சிங்களத்தில் கந்த என்பதுபோல அவரும் சொல்வார். டாக்டர் கிளினிக்கில் இருக்கிறாரா என்றால், "எட்டரைக்கு உள்ளுக்குப் போறதக் கண்டன். வெளிய வாறதக் காணல்ல. ஆனா பின்னுக்கும் ஒரு கதவு ஈக்கி" என்பார். பதில் வாங்குவதற்குள் நமக்கு வந்த நோயே போய்விடும்.

ஒரு முறை எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். ஊர் நிலவரம் த்ரீவீலர்க்காரர்களுக்குத்தானே தெரியும் என்று பெண்ணின் அம்மா நானாவிடம் விசாரித்தார். நான் பின்சீட்டில் இருந்தேன். நானா வெகுநேரம் யோசித்தார். "மூணு தரம் ஏத்தீக்கிறன். மூணு தரமும் எறங்கக்குள்ள கதவுக் கம்பியில தலை முட்டிச்சி. மூணு தரமும் ஏசல்ல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார். அந்த அம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஆனால் கல்யாணம் நடந்தது. ஏசாத மாப்பிள்ளை போதும் என்று பெண் சொல்லிவிட்டாளாம்.

பூச்சிப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டிருக்கிறேன். சீகிரியாவுக்கு வாடகை ஹயர் ஓடிய ஒரு நாள், வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி குன்றைப் பார்க்காமல் ஒரு மரமுந்திரியின் அடியில் ஒரு மணி நேரம் மல்லாந்து கிடந்தாளாம். அப்படி என்னதான் இருக்கிறது என்று இவரும் குனிந்து பார்த்திருக்கிறார். அங்கே அந்த முகம். "அது என்னப் பாத்திச்சி மிஸ்" என்று சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். அந்தப் பெண்தான் அவர் போனில் ஒரு குரூப்பைச் சேர்த்துவிட்டுப் போனாள். நாடெங்கும் கேடயப்பூச்சியைப் படமெடுக்கிறவர்கள் அதில் இருந்தார்கள். எந்தப் பூச்சி எந்த ஊரில் புதிதாகத் தலைகாட்டுகிறது என்று படத்தோடு பதிவார்கள். அதை வைத்து ஒரு வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளைக் குத்துவார்கள்.

நானாவின் செம்மஞ்சள் முகக்காரன் வரண்ட பக்கத்துப் பூச்சி. முன்பெல்லாம் தம்புள்ளை, சீகிரியாவோடு சரியாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே ஏறத் தொடங்கியது. நாவுலையில் ஒருவர் எடுத்தார். அடுத்த வருடம் நாலந்தா. நம்மூர் நாலந்தாதான், ஏ நைன் வீதியில் இருப்பது. அதற்கு இந்தப் பக்கம், மாத்தளை மலைப்பக்கம், ஒன்றுகூட இல்லை. சூடு கூடக் கூட அது ஏறி வரும் என்று குரூப்பில் பேசிக்கொண்டார்கள். அது ஏறி வருவதை முதலில் தன் கண்ணால் காண வேண்டும். நானாவுக்கு அந்த ஒரே ஆசைதான். அதற்காகத்தான் ஒவ்வொரு செவ்வரத்தையிலும் பிரேக்.

குரூப்பில் எல்லாம் இங்கிலீஷ். நானாவுக்குத் தமிழும் சிங்களமும் தண்ணீர்பட்ட பாடு, இங்கிலீஷ் மட்டும் ஏறவில்லை. அதனால் எழுத்து வேலை என் தலையில் விழுந்தது. போனைப் பின்னால் நீட்டி, "எழுதுங்க மிஸ்" என்பார். அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் தட்டுவேன். "ஒரு பூச்சி. உசிரோட. முழங்கால் உயரத்துல. ஒம்பது பத்துக்கு. மரம் என்னண்டு தெரியா." அவ்வளவுதான். ஒரு நாள் சும்மா இருக்காமல் 'அழகான' என்று ஒரு சொல்லை முன்னால் போட்டுவிட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நான் செல்லாத ஒண்டு நீளமா ஈக்கே" என்றார். அர்த்தம் சொன்னேன். "அழகு அவங்களுக்குத் தெரியும்தானே. வெட்டுங்க."

வெட்டினேன். கோபம் வந்தது, ஆனால் வெட்டினேன்.

மாசித் திருவிழா வந்தது. கொடியேறும்போது வீட்டு கேட்டில் வேப்பிலை கட்டுவது எங்கள் வழக்கம். எங்கள் பக்கத்தில் வேப்பமரம் குறைவு. வழக்கமாக ஒடிக்கும் மரத்தை வீதி அகலிக்க வெட்டிவிட்டார்கள். நான் புலம்பியதைக் கேட்டு, "நாளைக்கு சீகிரியா ஹயர் ஒண்டு ஈக்கி. கொண்டு வாறன்" என்றார் நானா. சொன்னபடியே பின்சீட்டு நிறைய வேப்பங்கொப்பு வந்தது. கட்டி வைத்த நூல்கூட அவிழாமல், புள்ளத்தாச்சியை இறக்குவது போல மெதுவாக இறக்கிவைத்தார். "அம்மனுக்குத்தானே, இலை உதிரப்படாது" என்றார். நான் கேட்டின் இரண்டு பக்கமும் கட்டினேன்.

இரண்டு நாள் கழித்து, காலையில் ஹோர்ன் அடிக்கவில்லை. வழக்கமாக இரண்டு முறை அடிப்பார். வெளியே வந்து பார்த்தால் நானா என் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த செவ்வரத்தைக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறார். என்னைக் கண்டதும் கையைத் தூக்கி, மூச்சுவிடாதே என்பதுபோல ஒரு சைகை. இலை நுனியில் செம்மஞ்சளாக, படிய வாரிய தலையோடு, அவர்! எங்கள் தலைமை எழுத்தர்!

நானா போனை இலைக்கு அருகே கொண்டுபோனார். ஆறு படம் எடுத்தார். பிறகு எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ். நாலந்தாவத் தாண்டிட்டான் மிஸ்" என்றார். அன்றைக்குச் சிவப்புக் கோட்டைப் பற்றி எனக்கும் கவலையில்லை. வழியிலேயே எழுதி அனுப்பினோம். நான் டவுனில் இறங்குவதற்குள் குரூப்பில் கைதட்டலும் பூவும் குவிந்துவிட்டன. அன்று மதியம் குரூப்பை நடத்தும் மேடம் அவருக்குப் போன் எடுத்துச் சிங்களத்தில் பேசினாராம். மலைப்பக்கத்தில் இதுதான் முதல் பதிவு, புதிதாக அச்சடிக்கும் பட்டியலில் கண்டுபிடித்தவர் என்று உங்கள் பெயர் வரும், கண்டியில் கூட்டம் வைத்துப் பாராட்டுவோம் என்றாராம். மறுநாள் நானா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"என்ன நானா, இப்பவே மாப்பிள்ளை மாதிரி?"

"ச்சே, சும்மா அளவு பாத்தன்" என்று வெட்கப்பட்டார். சந்தியில் பத்து வருடமாக அவரைக் கேலி செய்தவர்கள் அன்றைக்கு அவர் போனை வாங்கிப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் நான் வெளியே வந்தபோது, கேட்டில் காய்ந்து கருகிக் கிடந்த வேப்பங்கொப்பை நானா விரலால் விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது. கொப்பின் உள்பக்கத்தைக் காட்டினார். தண்டில் வெறும் தோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. முதுகு பிளந்த தோல். குஞ்சுப்பூச்சி கடைசியாகச் சட்டை கழற்றிச் சிறகோடு வெளியே வரும்போது விட்டுவிட்டுப் போகிற தோல் அது. அவர் எத்தனையோ எடுத்துக் காட்டியிருக்கிறார், எனக்கே அடையாளம் தெரிந்தது.

"அவன் ஏறி வரல்ல மிஸ்" என்றார். "நான்தான் ஏத்திக்கொண்டு வந்தீக்கிறன். என்ட த்ரீவீல்ல, வேப்பிலைக்குள்ள."

"அது வேற பூச்சியோட தோலா இருக்கலாம்ங்க நானா. யாரு பாத்தாங்க?"

"ஈக்கலாம். எனக்குத் தெரியா. தெரியாத ஒண்ட எழுதிப் போட்டீக்கோம். எழுதுங்க மிஸ். அந்தப் பூச்சி வேப்பிலைக் கட்டோட சீகிரியாவுல ஈந்து வந்தீக்கலாம், கணக்குல எடுக்க வாணா, என்ட பெயரையும் எடுத்துடுங்க."

வண்டி ஓடியது. நான் எழுதினேன். அவர் சொன்னதை அப்படியே, ஒரு சொல் கூடக் குறையாமல் எழுதினேன். அனுப்புவதற்கு விரலை வைத்தேன். கண்ணாடியில் அவர் சட்டையின் கழுத்துப்பட்டி தெரிந்தது, இஸ்திரி போட்ட அந்த வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்தது. அவருக்கு ஒரே ஒரு முறை பத்துப் பேர் கைதட்டினால் யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன். அது மட்டும் காரணமில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். அச்சில் வரப்போவது என் கேட், என் செவ்வரத்தை. அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லியும் விட்டேன்.

எழுதியதை அழித்தேன்.

"அனுப்பியாச்சா மிஸ்?"

"அனுப்பிட்டேன் நானா."

மறுநாள், "எனத்த செல்லி ஈக்காங்க?" என்று கேட்டார். சரி என்று சொல்லியிருக்கிறார்கள் என்றேன். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்று. பிறகு மேடம் கூட்டத்துக்குக் கட்டாயம் வரச் சொல்லிக் கூப்பிட்டபோது, நானா போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "உண்மையச் செல்லிட்ட பொறகும் கூப்பிடுறாங்க பாருங்க. நல்ல மனுசங்க மிஸ்."

பாவி, அப்போதாவது வாயைத் திறந்தேனா? கண்டிக்குப் போகும் வழியெல்லாம் திறக்கப் பார்த்தேன். அக்குறணை தாண்டட்டும், கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரட்டும் என்று தள்ளித் தள்ளி, மண்டபத்து வாசலே வந்துவிட்டது. நானா வெள்ளைச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

மண்டபத்தில் நூறு பேராவது இருந்திருப்பார்கள். முன்வரிசையில் எங்களை இருத்தினார்கள். மேடம் இங்கிலீஷில் பேசினார். திரையில் நானாவின் படம் வந்தது, சுவர் அளவு பெரிய முகமாக. பிறகு வரைபடம். நாலந்தாவுக்கு இந்தப் பக்கம், அலுவிகாரையில், புதிதாக ஒரு சிவப்புப் புள்ளி. பேச்சு விளங்காவிட்டாலும் புள்ளி விளங்குமே. எல்லோரும் கைதட்டினார்கள். நானா கைதட்டல் நடுவில் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு முறை. நான் குனிந்துகொண்டேன்.

அவர் எழுந்து மைக்கிடம் போய்ச் சிங்களத்தில் பேசினார். அந்தப் புள்ளியை அழித்துவிடுங்கள் என்றார். வேப்பிலை, சீகிரியா, தன் த்ரீவீலர், தண்டில் ஒட்டியிருந்த தோல், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். முதலில் சிரித்தார்கள். பிறகு அமைதியானார்கள். மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. "பட்டியல் அச்சாகிவிட்டதே. இது தெரிந்தும் ஏன் முன்பே எங்களுக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டார்.

நான் எழுந்துவிட்டேன். சத்தியமாக எழுந்தேன். அதற்குள் நானா பதில் சொல்லிவிட்டார்.

"என் பிழைதான் மேடம். மிஸ்ஸிடம் எழுதச் சொல்ல மறந்துவிட்டேன்."

மழை வரும் என்று கூடச் சொல்லாத மனிதர். மாப்பிள்ளைக்கு நல்லவன் என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லாத மனிதர். நூறு பேருக்கு முன்னால், மைக்கில், நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லிவிட்டு, மேடையிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை. மேடம் கணினியில் எதையோ அழுத்தினார், புள்ளி மறைந்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

திரும்பும் வழியில் அக்குறணையில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினார். இரண்டு பிளேன்டீ சொல்லி, ஒன்றை என்னிடம் நீட்டினார். அழுகை வந்துவிட்டது. "நான்தான் நானா அனுப்பல. எழுதிட்டு அழிச்சுட்டேன்" என்றேன்.

"தெரியும் மிஸ்."

"அப்புறம் எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க? என்ன நிப்பாட்டி வச்சுக் கேட்டிருக்கலாமே! எல்லாரும் உங்களத்தானே ஒரு மாதிரிப் பாத்தாங்க!"

அவர் பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தார். "அந்தப் பொய்க்கு நான் அல்லாஹ்கிட்ட பதில் செல்லிக்கொள்றன். நீங்க டீயக் குடிங்க, ஆறுது."

என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். மறுநாள் அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். பஸ்ஸுக்குப் போக நேரத்தோடு வெளிக்கிட்டேன். கேட்டைத் திறந்தபோது த்ரீவீலர் நின்றிருந்தது. இனி வேறு யாரிடமாவது எழுதச் சொல்வார், அதுவும் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

டவுன் நெருங்கும்போது பிரேக் போட்டார். வீதியோரத்துப் புதரில் மயில்பச்சை நிறத்தில் ஏதோ ஒன்று. வழக்கம்போல் குந்தினார், கைக்குட்டையை விரித்தார், எடுத்தார். திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்து, போனைப் பின்னால் நீட்டினார்.

"எழுதுங்க மிஸ்."

போனை வாங்கினேன். அவர் சொன்னார், நான் எழுதினேன். ஒரு பூச்சி. உசிரோட. இடுப்பு உயரத்துல. எழுதி முடித்து, ஒவ்வொரு சொல்லாக இங்கிலீஷில் வாசித்து, அதற்குத் தமிழில் அர்த்தமும் சொல்லத் தொடங்கினேன்.

"வாசிச்சுக் காட்டத் தேவையில்ல மிஸ்" என்றார், வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "அனுப்புங்க."

எனக்குக் கண்டிக்கு மாற்றம் வரும்வரை, இன்னும் இரண்டு வருடம், அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரு நாள்கூட வாசிக்காமல் அனுப்பவில்லை.